லிப்ராதோ விழுங்கிய குழந்தை

ராணுவச் சோதனைச்சாவடியில் கேட்பது மூன்றே கேள்விகள். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், என்ன கொண்டு போகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறவன் புத்திசாலி. லிப்ராதோ அர்ஸேவை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இருபத்தாறு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் சாந்தா ரூபினாவிலிருந்து வடக்கே என்செனாதாவுக்குப் பார்சல் வேன் ஓட்டிக்கொண்டு போய், வெள்ளிக்கிழமை திரும்பி வருகிறவர் அவர். ஒரு வழிக்கு எழுநூற்றைம்பது கிலோமீட்டர். வழியில் ஐந்து சாவடி.

"எங்கேருந்து வர்றீங்க?" என்று சிப்பாய் கேட்டால், ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்த வருஷத்திலிருந்து தொடங்குவார். "என்ன கொண்டு போறீங்க?" என்றால் முடிந்தது கதை. இது ஆட்டுப்பால் கட்டி, தக்காளித் தோட்டத்தில் வேலை செய்யும் மகனுக்கு அம்மா கொடுத்தது, அந்த அம்மாவுக்கும் மருமகளுக்கும் ஆகாது, ஏன் ஆகாது என்றால் என்று ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு குடும்பச் சரித்திரம் விரியும். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கி அமுக்கிக் கை சலித்துப்போவார்கள். சிப்பாய்கள் மட்டும் சலித்துக்கொள்வதில்லை. எல்லாரும் தெற்கே மழை கொட்டும் ஊர்களிலிருந்து வந்த பையன்கள். கள்ளிச்செடியையும் பாறையையும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துக் கிடக்கிறவர்களுக்கு லிப்ராதோ வேன் வந்தால் வானொலிப் பெட்டி வந்த மாதிரி.

இன்னொரு விஷயமும் உண்டு. அவர் சிப்பாய்களிடம் பொய் சொல்ல மாட்டார். வண்டி ஓட்ட ஆரம்பித்த முதல் மாதத்தில், "என்ன கொண்டு போறே?" என்ற கேள்விக்கு, அவசரத்தில் "ஒண்ணுமில்ல" என்று சொல்லித் தொலைத்தார். உள்ளே பதினேழு மூட்டை. அத்தனையையும் இறக்கி, அவிழ்த்து, திரும்பக் கட்டி ஏற்றி முடிப்பதற்குள் உச்சி வெயிலில் மண்டை காய்ந்துவிட்டது. அன்றைக்கு எடுத்த சபதம். வாய் நீளமும் உண்மையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அந்த ஆள் என்ன பாடு படுவான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. போன ஜனவரியில் அவரே பட்டுக் காட்டினார்.

ஜனவரி ஆறு, தொழுவத்துக் குழந்தையைத் தேடி வந்த மூன்று ராஜாக்களின் திருநாள். சாந்தா ரூபினாவில் அன்று மாலை கோயில் கூடத்தில் ஊரே கூடி ராஜாக்கள் ரொட்டி வெட்டும். வளையம் வளையமாகப் பெரிய ரொட்டி, மேலே சர்க்கரைப் பழத் துண்டுகள். உள்ளே எங்கேயோ ஒரு குழந்தைப் பொம்மை ஒளிந்திருக்கும். மற்ற ஊர்களில் இப்போது பிளாஸ்டிக். எங்கள் பேக்கரிக்காரர் அபுந்தியோ பிடிவாதக்காரர். இன்னமும் சுண்டுவிரலில் பாதி நீளத்துக்குப் பீங்கான் குழந்தைதான் வைப்பார். யார் வெட்டிய துண்டில் அது வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுதிரித் திருநாளன்று, அந்த மேஜையில் இருந்த அத்தனை பேருக்கும் தன் வீட்டில் தமால் போட வேண்டும். தப்பிக்கவே முடியாது.

இரண்டு வருஷமாகத் தொடர்ந்து அது லிப்ராதோவுக்கே வந்தது. எண்பது பேர். சோள மாவைப் பிசைந்து, கறியும் மிளகாய்க் குழம்பும் உள்ளே வைத்து, சோளத்தோலில் பொதி பொதியாகக் கட்டி, அண்டாவில் அவித்து இறக்குவது எல்லாம் அவர் மனைவி தெஞ்சா. அவளுக்குக் குளிர் காலத்தில் விரல் மூட்டுகள் வீங்கிவிடும். போன வருஷ விருந்து முடிந்து ஒரு வாரம் அவளால் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. லிப்ராதோதான் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார். பின்னலைப் பார்த்து ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இனி இவளுக்கு இந்தக் கஷ்டம் கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

இந்த வருஷம் தன் துண்டை வாயில் போட்டு மென்றதும் பல்லில் நறுக்கென்று தட்டியது.

மூன்றாவது தடவை! ஓரக்கண்ணால் பார்த்தார். எல்லாரும் தங்கள் ரொட்டியைத் துருவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் தெஞ்சா மட்டும் அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்ன, கெடச்சுதா?"

லிப்ராதோ தலையை ஆட்டி இல்லை என்றார். ஒரு மடக்குச் சூடான சாக்லேட்டை வாயில் ஊற்றினார். குழந்தை உள்ளே போயிற்று.

அப்புறம் கூடத்தில் நடந்த அமளியைக் கேட்க வேண்டுமா? யாருக்கும் குழந்தை வரவில்லை. தூள் தூளாக உதிர்த்துப் பார்த்தார்கள். "அபுந்தியோ போட மறந்துட்டான்" என்று ஒருவர் சொல்ல, அபுந்தியோ செத்துப்போன தன் அம்மாமேல் சத்தியம் செய்தார். விருந்து இல்லை என்றே ஆகிவிட்டது. வீடு திரும்பும்போது தெஞ்சா ஒரு வார்த்தை பேசவில்லை. அசதி போலிருக்கிறது என்று லிப்ராதோ நினைத்துக்கொண்டார். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி அவருக்கு.

மறுநாள் செவ்வாய். முதல் சாவடி வரைக்கும் ஒன்றுமில்லை. அதைத் தாண்டி உப்பளத்து ஊர் நெருங்கும்போது அடிவயிற்றில் யாரோ கிள்ளுவது போல் இருந்தது. இரண்டாவது சாவடியில் வண்டியை நிறுத்தும்போது நெற்றியெல்லாம் வியர்வை.

மூன்று கேள்விகளும் முடிந்தன. முதல் தடவையாக மூன்று சொல்லில் பதில் சொன்னார். அதுதான் வினையாகிவிட்டது. சிப்பாய்க்கு மனசு கேட்கவில்லை.

"என்ன பெரியவரே, இன்னிக்கு ஒண்ணுமே பேசல? மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு. ஒடம்புக்கு என்ன?"

"வயிறு தம்பி. உள்ள ஒண்ணு கெடந்து படுத்துது."

"என்னது?"

"முழுங்கிட்டேன்."

அந்தச் சாலையில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. பொட்டலம் பொட்டலமாகப் போதைச் சரக்கை விழுங்கிக்கொண்டு வடக்கே போகிறவர்களைப் பிடிக்கத்தான் சாவடியே போட்டிருக்கிறது. சிப்பாய் இரண்டடி பின்னால் போய் விசிலை ஊதினான். கூடாரத்திலிருந்து சார்ஜென்ட் பாலாம் வெளியே வந்தார். தூரத்து யுகாத்தானிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. குட்டையான, கண்டிப்பான மனிதர். லிப்ராதோவை அவருக்குத் தெரியாது. குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"எத்தன?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார்."

"எல்லாரும் ஒண்ணுன்னுதான் ஆரம்பிப்பாங்க. யார் குடுத்தது?"

"யாரும் குடுக்கல சார். என் கையால நானே வெட்டி எடுத்துக்கிட்டேன். எண்பது பேர் பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க."

"எண்பது பேரா? எங்க?"

"கோயில்ல."

சார்ஜென்ட் நிமிர்ந்து பார்த்தார். "கோயில்லயா? யார் தலைமையில?"

"சாமியார்தான் ஜெபம் பண்ணி ஆரம்பிச்சு வச்சாரு."

சார்ஜென்ட் 'சாமியார்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

"இதுக்கு முன்னாடி?"

"போன வருஷமும் எனக்குத்தான் வந்துது, அதுக்கு முந்தின வருஷமும் எனக்குத்தான். அப்பல்லாம் முழுங்கல சார். மரியாதையா ஒத்துக்கிட்டேன். வீட்டுல பொதி கட்டினோம்."

"பொதி கட்டினது யாரு?"

"என் பொண்டாட்டி! அவ வேகம் யாருக்கு வரும்? ஒரே நாள்ல முன்னூறு பொதி கட்டுவா. சுத்துப்பட்டுல அவள மிஞ்ச ஆள் கெடையாது."

தன் மனைவியின் தலையில் எத்தனை வருஷச் சிறைத்தண்டனையை ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அந்த அப்பாவிக்கு உறைக்கவேயில்லை. பெருமை தாங்காமல் பேசிக்கொண்டே போனார்.

"அந்தப் பொதிக்குள்ள என்ன?"

"பன்னிக்கறி சார். செவப்பு மெளகாய். ஓரோர் சமயம் தெராட்ச போடுவா."

சார்ஜென்டின் பேனா நின்றது. இது ஏதோ சங்கேத பாஷை என்று முதலில் நினைத்தாராம். பின்னால் அவரே சொன்னது. "இங்க பாருங்க பெரியவரே. நேரா சொல்லுங்க. வயித்துல இருக்கறது என்ன?"

"கொழந்த."

சார்ஜென்ட் குறிப்புப் புத்தகத்தை மூடினார்.

"எந்தக் கொழந்த?"

"ராஜாக்கள் ரொட்டிக் கொழந்த."

முதலில் ஒரு சிப்பாய் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். அப்புறம் பதினோரு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிலும் அவர்கள் லிப்ராதோவைப் பார்த்துச் சிரித்தது பாதி, சார்ஜென்டைப் பார்த்துச் சிரித்தது மீதி. அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனால் சட்டம் சட்டம்தான். விழுங்கியவர்களுக்கு என்று ஒரு படிவம் இருக்கிறது. விழுங்கியது என்னவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போய்ப் படம் எடுத்தாக வேண்டும். படிவத்தைச் சார்ஜென்ட் தானே பூர்த்தி செய்தார். பொருள்: குழந்தை. எண்ணிக்கை: ஒன்று. இருக்கும் இடம்: உள்ளே.

உப்பளத்து ஊர் மருத்துவமனையில் டாக்டர் ஓலாச்சேயா, ஐம்பது வயது அம்மாள், எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பீங்கான் ஆயிற்றே, தெளிவாக விழுந்திருந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, லிப்ராதோவின் குடலுக்குள் சின்னக் குழந்தை சொகுசாகப் படுத்திருந்தது.

"வாழ்த்துகள் லிப்ராதோ. தல கீழ பாத்துதான் இருக்கு. சுகப்பிரசவம்தான்."

"அம்மா, கிண்டல் பண்ணாதீங்க."

"உள்ள ஏதாச்சும் அடச்சு வச்சிருந்தா?" என்றார் சார்ஜென்ட், இன்னும் விடாமல்.

"சார்ஜென்ட், இதுக்குள்ள ஒரு எறும்பு ஒளியணும்னாகூடக் கால மடக்கணும்." டாக்டர் லிப்ராதோ பக்கம் திரும்பினார். "பப்பாளி சாப்பிடுங்க, நெறைய தண்ணி குடிங்க. நீங்க ஓட்டுற ரோட்டுல இருக்கற குழிக்கு ரெண்டு நாள்ல தானா வந்துடும். ஆமா, இந்த வயசுல ஏன் இந்த வேல?"

லிப்ராதோ சொன்னார். தெஞ்சாவின் விரல்கள், சீப்பு, தான் பின்னிய கோணல் பின்னல், எல்லாம் சொன்னார். டாக்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அறை மூலையில் நின்ற நர்ஸ் மட்டும் படத்தைத் தன் போனில் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நர்ஸின் அத்தை வாழ்க்கைப்பட்டிருப்பது சாந்தா ரூபினாவில்.

வெளியே வந்ததும் சார்ஜென்ட் பாலாம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லட்டுமா பெரியவரே? நேத்து கூடாரத்துல நாங்களும் ரொட்டி வெட்டினோம். எனக்குத்தான் வந்துது."

"ஐயோ."

"காலைல அணிவகுப்புல பதினோரு பயலும் வெறப்பா நின்னுக்கிட்டு, 'சார், தமால்!'ங்கறானுங்க. இந்தப் பொட்டக்காட்டுல நான் எங்க போவேன்? முழுங்கலாம்னு எனக்குத் தோணாமப் போச்சு பாருங்க."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறியிருக்க வேண்டும். எந்த மனிதனும் ஏறியிருப்பான். லிப்ராதோவின் நாக்கில் சனி குடியிருந்தது.

"அதுக்கென்ன சார், எங்க வீட்டுக்கு வந்துடுங்க! பன்னெண்டு பேரும் வாங்க! தெஞ்சா கைப்பக்குவத்துல ஒரு தடவ சாப்பிட்டீங்கன்னா..."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. சார்ஜென்டின் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு நிற்கிற ராணுவக்காரனிடம் போய், சும்மா சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? எண்பது பேரிலிருந்து பெண்டாட்டியைக் காப்பாற்றப் பீங்கானை விழுங்கினவர், பன்னிரண்டு பேரைப் புதிதாகக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அதற்கப்புறம் வடக்கே போன வழியெல்லாம் அவமானம். சாவடிகளுக்கு இடையே வயர்லெஸ் இருப்பதை அவர் மறந்துவிட்டார். மூன்றாவது சாவடியில், "இது எத்தனாவது மாசம்?" என்றார்கள். நான்காவதில் லாரிகளை ஒதுக்கி, "வழி விடுங்கப்பா, வாயும் வயிறுமா இருக்காரு" என்று முன்னால் அனுப்பினார்கள். ஐந்தாவதில் அவருக்கு ஒரு பப்பாளிப் பழம் காத்திருந்தது. லிப்ராதோ எல்லாவற்றுக்கும் அசடு வழியச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். திரும்பி வரும்போது, "பிரசவம் ஆச்சா?" என்றுதான் எல்லாச் சாவடியிலும் கேட்டார்கள். "ஆச்சு" என்றார். எப்போது, எங்கே என்பதெல்லாம் நமக்கு எதற்கு.

அவருக்கு இருந்த ஒரே கவலை வீடு. தெஞ்சா கையில் கரண்டியோடு நிற்கிற மாதிரி தோன்றிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு பேரை எப்படிச் சொல்வது? வழி நெடுகச் சொல்லிப் பார்த்தார். எந்த மாதிரி ஆரம்பித்தாலும் கடைசியில் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு பேராகவே நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினார். தெஞ்சா சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கையில் கரண்டி இல்லை, போன் இருந்தது. அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். குடலும் குழந்தையும்.

"இது யாரோட வயிறு?"

லிப்ராதோ திருதிருவென்று விழித்தார்.

"ஊரே பாத்தாச்சு கிழவா. அபுந்தியோ இத ஃபிரேம் போட்டு மாட்டணும்னு நிக்கறான், அவன் பேர் நிமிந்துடுச்சாம். செத்த பொம்பளமேல சத்தியம் பண்ண வச்சியே அந்த மனுஷன! எங்க அது?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "கழுவிட்டேன். மூணு தடவ. பிளீச் போட்டு."

"ஏன் முழுங்கின?"

"உன் வெரலுக்காகத்தான் தெஞ்சா. போன வருஷம் நீ சீப்ப கீழ போட்டுட்டுப் பேசாம நின்னியே. என்னால தாங்க முடியல. இந்தத் தடவ உனக்கு ஓய்வு கெடைக்கட்டும்னுதான்..."

தெஞ்சா திட்டப்போகிறாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். ஆனால் அவள் குரல் தணிந்துதான் வந்தது.

"மூணு வருஷம் ஒரே ஆளுக்கு எப்படி வரும்னு நீ யோசிக்கவே இல்லியா?"

"அதிர்ஷ்டம்..."

"அதிர்ஷ்டமாம். அபுந்தியோ என் பெரியப்பா மகன். எந்தப் பக்கம் வச்சிருக்கான்னு என் காதுல சொல்லுவான். அந்தப் பக்கத்துல உன்ன உக்கார வச்சு, இங்க வெட்டுன்னு சொன்னது யாரு? நான்தான்."

லிப்ராதோ மேஜையில் கிடந்த குழந்தையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பசங்க மூணு பேரும் வடக்க போயாச்சு. இந்த வீட்டுல தெனம் ரெண்டு தட்டு கழுவறேன். நீ ரோட்டுல இருக்கற நாலு நாளும் ஒரு தட்டு. உனக்குப் பேச அஞ்சு செக்போஸ்ட் இருக்கு. ஆளு மாத்தி ஆளு நின்னு கேக்கறாங்க. எனக்கு அந்த ஒரு நாள்தான் கிழவா. அன்னிக்கு எண்பது பேர் உள்ள வந்து, 'தெஞ்சா, தெஞ்சா'ன்னு கூப்புடுவாங்க. வெரல் வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும்னு இருந்தேன். அதப் போய் சாக்லேட்ட ஊத்தி முழுங்கிட்டு வந்து நிக்கற."

லிப்ராதோ நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் எதிரே உட்கார்ந்தார். தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. தலை வாரிவிட்ட அந்த ஒரு வாரமும் உனக்கு என்ன வேணும் என்று அவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் மெதுவாகச் சொன்னார். "தெஞ்சா. இன்னொரு தப்பும் பண்ணிட்டேன்."

"இன்னும் என்னத்த முழுங்கின?"

"இல்ல. ரெண்டாவது செக்போஸ்ட்ல பன்னெண்டு பேர் இருக்காங்க. விருந்துக்கு வாங்கன்னு கூப்பிட்டுட்டேன்."

தெஞ்சா போனைக் கவிழ்த்து வைத்தாள். "பட்டாளத்துக்காரங்களா? சின்னப் பசங்களா?"

"அந்தச் சார்ஜென்ட் தவிர எல்லாம் சின்னப் பசங்க."

"அப்ப ஆளுக்கு நாலு பத்தாது," என்றாள் தெஞ்சா, எழுந்து அண்டாவை எடுக்கப் போனபடி. "ஆறு வேணும். ஏன் அங்கேயே உக்காந்திருக்க? போய் அபுந்தியோகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, இருந்த எல்லாருக்கும் சொல்லிட்டு வா. விருந்து நம்ம வீட்டுலன்னு."

பிப்ரவரி இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. இந்தத் தடவை மாவு பிசைந்தது லிப்ராதோ. அவர் பிசைந்த முதல் மாவைத் தெஞ்சா கோழிக்குப் போட்டாள். இரண்டாவது மாவு பரவாயில்லை. மேலதிகாரியிடம் என்ன சொல்லி அனுமதி வாங்கினாரோ, சார்ஜென்ட் பாலாம் தன் ஆட்களை ஆறு பேர், ஐந்து பேர் என்று இரண்டு தவணையில் அனுப்பினார். இரண்டு தவணையிலும் அவர் இருந்தார். கணக்குப் போட்டால் பதின்மூன்று தட்டு ஆகிறது, யாரும் கேட்கவில்லை. வாசலில் அந்தப் பையன்களை நிறுத்தி, எந்த ஊர், அம்மா பெயர் என்ன, எப்போது கடைசியாக வீட்டுக்குப் போனாய் என்று ஒருவரைக்கூட விடாமல் விசாரித்துத்தான் தெஞ்சா உள்ளே அனுப்பினாள். ஒருத்தன் அழுதேவிட்டான், அவனுக்கு எட்டு தமால். லிப்ராதோ இரண்டு தடவை பேச வாயெடுத்தார். "நீ தண்ணி ஊத்து" என்று தெஞ்சா சொல்லிவிட்டாள்.

எல்லாரும் போன பிறகு அடுப்பில் மிச்சமிருந்த வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதில் வைத்துப் பிடித்துவிட்டார். மூட்டுகள் நன்றாகவே வீங்கியிருந்தன.

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்காம?" என்றாள் தெஞ்சா, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில். "தொண்ணூத்திரண்டு பேரு!"